வெயில் மீது வழக்குப் போட்ட மூத்த பெண்கள்

[காட்சி: ஸ்ட்ராஸ்பூர்க் நகரம், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் வாசல்]

2024 ஏப்ரல் 9. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரு தீர்ப்பைச் சொல்லி முடிக்கிறது. வழக்குப் போட்டவர்கள் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வயதான பெண்கள். அவர்களுடைய சங்கத்தின் இணைத் தலைவர் ரோஸ்மரி வைட்லர் வெல்ட்டி, தங்களால் இன்னும் நம்ப முடியவில்லை என்றும், நிஜம்தானா என்று வக்கீல்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருப்பதாகவும் பத்திரிகையாளர்களிடம் சொல்கிறார். நிஜம்தான், இதற்கு மேல் கிடைக்க வழியே இல்லை என்பது வக்கீல்கள் சொன்ன பதில்.

அப்படி என்ன கிடைத்தது? புவி வெப்பமாவதைத் தடுக்க ஓர் அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் அது மனித உரிமை மீறல். அந்த நீதிமன்றம் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. 17 நீதிபதிகளில் 16 பேர் இந்த முடிவுக்கு வந்தார்கள். இந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் இருப்பவை 46 நாடுகள்.

சங்கத்தின் பெயர் கிளீமா செனியோரின்னன். பருவநிலைக்காகச் சேர்ந்த மூத்த பெண்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டி என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை. இதைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வயதான பெண்கள் போராட வந்தால், பேரப்பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக வந்திருக்கிறார்கள் என்றுதான் நாம் பேசுவோம். கேட்கவும் நன்றாக இருக்கும். இவர்களிலும் பேரப்பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுபவர்கள் நிறையப் பேர். ஆனால் நீதிமன்றத்தில் வைத்த கோரிக்கை அது இல்லை. வெயிலில் எங்கள் உயிருக்கு ஆபத்து, எங்களைக் காப்பாற்றும் கடமை அரசுக்கு உண்டு என்று தங்களுக்காகவே கேட்டார்கள். வழக்கு நின்றதே அதனால்தான். எப்படி என்று பார்ப்போம்.

[காட்சி: பனி மலை, அடுத்து, கோடையில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு, ஜன்னல் பலகைகள் சாத்தியிருக்கின்றன]

சுவிட்சர்லாந்தில் என்ன வெயில் என்று உங்களுக்குத் தோன்றலாம். பனி மலையும் ஏரியும்தானே நமக்குத் தெரிந்த சுவிட்சர்லாந்து. 2003 ஆகஸ்ட் 11 அன்று அந்த நாட்டின் தெற்கில் உள்ள குரோனோ என்ற ஊரில் 41.5 டிகிரி செல்சியஸ் பதிவானது. நம் வேலூர், கரூர்ப் பக்கத்துக் கத்திரி வெயில் அது. அந்த ஒரு கோடையில் மட்டும் ஐரோப்பா முழுவதும் சுமார் 70,000 பேர் வழக்கத்தைவிட அதிகமாக இறந்துபோனார்கள். சுவிட்சர்லாந்தில் மட்டும் ஏறக்குறைய 1,000 பேர்.

அங்கே வீடுகள் குளிருக்காகக் கட்டியவை. உள்ளே வரும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிற வீடுகள். மின்விசிறி மாட்ட உத்தரத்தில் கொக்கி இருக்காது. ஏசி இருக்கும் வீடு அபூர்வம். ஜெனீவாவில் ஏசி பொருத்த அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். 1980-களில் இலங்கையிலிருந்து அகதியாகப் போய் அங்கே குடியேறிய நம்மவர்களில் பலர் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவர்களுக்கும் அந்த மாடி வீட்டுக்குள் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, வயதானவர்களை வெயில் ஏன் இப்படி அடிக்கிறது? என் அம்மாவுக்கு 71 வயது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். மே மாதம் மதியம் மூன்று மணிக்கு அடுப்படியில் நிற்பார். தண்ணீர் குடித்தீர்களா அம்மா என்று கேட்டால் தாகமே இல்லையே என்பார். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே தாகம் தெரிவதில்லை. வயது ஏற ஏற, உடம்பில் தண்ணீர் குறைகிறது என்று மூளைக்குப் போகிற தகவலே மங்கிவிடும். வியர்ப்பதும் குறையும். உள்ளே இருக்கும் சூடு வெளியேற வேண்டுமானால் இரத்தம் தோல் வரைக்கும் ஓடி வர வேண்டும். அதற்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். ஏற்கெனவே களைத்துப்போன இதயம் அங்கேதான் தடுமாறுகிறது. நீர் பிரிவதற்குக் கொடுக்கிற மாத்திரையும் சேர்ந்துகொண்டால் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும்.

இப்படி இறப்பவர்களின் சான்றிதழில் பெரும்பாலும் வெயில் என்ற சொல்லே வராது. மாரடைப்பு என்றோ சிறுநீரகக் கோளாறு என்றோ இருக்கும். அந்தக் கோடையில் இறந்தவர்களையும் வழக்கமான கோடையில் இறப்பவர்களையும் எண்ணி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வெயிலின் பங்கை மதிப்பிடுகிறார்கள். 2022 கோடையின் வெயில் இறப்புகளை ஓர் ஆய்வு மதிப்பிட்டபோது ஐரோப்பாவில் 60,000-க்கும் மேற்பட்டோர் என்று வந்தது. அதில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், குறிப்பாக முதிய பெண்கள்.

[காட்சி: கோப்புகள் அடுக்கிய மேசை, 2016 என்ற எண்]

இனி வழக்கு. சுவிட்சர்லாந்துச் சட்டத்தில் ஒரு விதி. அரசு ஒன்றைச் செய்யத் தவறியது என்று நீங்கள் கேள்வி கேட்க வேண்டுமானால், மற்ற எல்லோரையும்விட உங்களுக்குத் தனியான பாதிப்பு இருப்பதைக் காட்ட வேண்டும். ஊருக்கே கெடுதல் என்று சொல்லி ஒருவர் வழக்குப் போட முடியாது. நம் ஊரில் இருக்கிற பொதுநல வழக்கு மாதிரி அங்கே கிடையாது. பருவநிலை மாற்றமோ எல்லோரையும் பாதிக்கிறது. எல்லோருக்கும் பாதிப்பு என்றால் கேள்வி கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை என்று ஆகிவிடுகிறது.

அந்தப் பூட்டுக்குச் சாவியாக வந்தது மருத்துவக் கணக்கு. வெயிலில் அதிகம் இறப்பது யார் என்ற கேள்விக்கு, மூத்த பெண்கள் என்று ஆய்வுகளே பதில் சொல்லின. 2016 ஆகஸ்டில், கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் சுவிட்சர்லாந்துக் கிளையின் ஆதரவோடு சங்கம் தொடங்கியது. இது கிரீன்பீஸின் வேலைதானே என்று பின்னாளில் குறை சொன்னவர்கள் உண்டு. பணமும் வக்கீலும் இல்லாமல் ஒரு நாட்டை எதிர்த்து எட்டு வருடம் யாரால் வழக்கு நடத்த முடியும்? உதவியை வெளிப்படையாகவே வாங்கினார்கள், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. வைட்லர் வெல்ட்டி பாசல் நகரத்துக்காரர். இன்னொரு இணைத் தலைவரான ஆன் மாரெர் ஜெனீவாவைச் சேர்ந்தவர், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தீர்ப்பு வந்த நேரத்தில் சங்கத்தில் 2,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். சராசரி வயது 73.

2016 நவம்பரில் அரசுக்கு மனு கொடுத்தார்கள். 2017-ல் அரசு தள்ளிவிட்டது. 2018-ல் நிர்வாக நீதிமன்றம், முதிய பெண்களுக்கு மட்டும் தனியாக என்ன பாதிப்பு என்று கேட்டுத் தள்ளியது. 2020 மே மாதம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் தள்ளியது. அது சொன்ன காரணத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். புவியின் சராசரி வெப்பம் இரண்டு டிகிரி கூடுவது என்ற எல்லையைத் தொட இன்னும் காலம் இருக்கிறது, ஆகவே இந்தப் பெண்களின் உரிமை இப்போது போதிய அளவு பாதிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். வழக்குப் போட்டவர்களில் ஒருவர் 1931-ல் பிறந்தவர். இன்னும் காலம் இருக்கிறது என்ற பதில் அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்நாட்டுக் கதவு எல்லாம் சாத்திய பிறகு 2020 நவம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க் போனார்கள். சங்கத்தோடு சேர்த்து நான்கு பெண்கள் தனித்தனியாகவும் மனு போட்டார்கள். ஆஸ்துமா, மயக்கம் என்று தங்கள் உடம்பில் இருந்ததை மருத்துவச் சான்றோடு கோப்பில் வைத்தார்கள். ஓர் அந்நியக் கூடத்தில் தன் நோயைப் பலரும் படிக்கும்படி ஒப்படைப்பது அந்த வயதில் சின்ன விஷயம் இல்லை. நால்வரில் ஒருவர் வழக்கு நடக்கும்போதே காலமானார். அவர் இடத்தில் நின்று மகன் வழக்கைத் தொடர்ந்தார்.

[காட்சி: 2023 மார்ச் 29, நீதிமன்றத்தின் வட்டக் கூடம்]

2023 மார்ச்சில் விசாரணை. நார்வே, இத்தாலி, அயர்லாந்து உட்பட எட்டு நாடுகள் இதில் தங்கள் கருத்தையும் கேட்க வேண்டும் என்று உள்ளே வந்தன. இங்கே ஒரு கதவு திறந்தால் தங்கள் நாட்டிலும் திறக்கும் என்று அவற்றுக்குத் தெரியும்.

தீர்ப்பு வந்த அன்றே இன்னொரு பெரிய வழக்கும் முடிவுக்கு வந்தது. போர்ச்சுகலின் ஆறு இளைஞர்கள் 33 நாடுகள் மேல் போட்ட வழக்கு. அது நிற்கவில்லை. முதலில் உங்கள் நாட்டு நீதிமன்றங்களுக்குப் போயிருக்க வேண்டும் என்றார்கள். அப்போதுதான் புரிந்தது, சுவிட்சர்லாந்துப் பெண்கள் உள்நாட்டில் தோற்றுத் தோற்றுக் கழித்த வருடங்கள் வீண் போகவில்லை என்று. அந்தத் தோல்விகளின் ஆவணங்கள்தான் அவர்களுக்கு உள்ளே போகிற சீட்டாக இருந்தன.

தீர்ப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான். நான்கு பெண்களின் தனி மனுக்களை நீதிமன்றம் ஏற்கவில்லை. தனி ஆளாகப் பாதிக்கப்பட்டவர் என்று காட்டுவதற்கு வைத்த அளவுகோல் அவ்வளவு உயரம். ஆனால் சங்கத்தின் மனுவை ஏற்றது. இது எல்லோருக்கும் சேர்ந்து வருகிற ஆபத்து, இதை எதிர்க்க மக்கள் அமைப்பாகச் சேர்வதுதான் சில நேரம் இருக்கிற ஒரே வழி, ஆகவே உறுப்பினர்களுக்காகச் சங்கம் பேசலாம் என்றது. பொதுக்குழு கூட்டி, உறுப்பினர் பட்டியல் வைத்து, ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்த அந்த வேலைக்குச் சட்டத்தில் ஓர் எடை கிடைத்தது. மகளிர் சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சுவிட்சர்லாந்து செய்த தவறு என்ன? புவியைச் சூடாக்கும் வாயுக்களை 1990-ல் இருந்த அளவில் 20 சதவீதம் குறைப்போம் என்று 2020-க்கு வைத்த இலக்கையே தொடவில்லை. அதைவிட முக்கியமாக, இனி எவ்வளவு கார்பனை வெளியிடலாம் என்று நாடு தனக்கென ஒரு மொத்தக் கணக்கே போடவில்லை. வீட்டில் ஒரு மூட்டை அரிசிதான் மிச்சம், அடுத்த மூட்டை வரப்போவதில்லை என்று வையுங்கள். பொங்கலோடு நிறுத்திவிடுவோம் என்று சொன்னால் போதுமா? மூட்டையில் எத்தனை படி இருக்கிறது, நாளைக்கு எத்தனை உழக்குப் போடலாம் என்று அளக்க வேண்டாமா? 2050-க்குள் நிகரக் கார்பன் வெளியீடு பூஜ்யம் என்ற வாக்குறுதி கொடுத்த நாடு, உழக்கை எடுத்து அளக்கவில்லை. அதைத்தான் நீதிமன்றம் பிடித்தது. பெண்கள் நட்டஈடு கேட்கவில்லை. வழக்குச் செலவுக்காக 80,000 யூரோ தரச் சொன்னது, அவ்வளவுதான்.

[காட்சி: சுவிட்சர்லாந்து நாடாளுமன்றம், பெர்ன்]

அப்புறம் ஊரில் என்ன நடந்தது? 2024 ஜூன் 12 அன்று சுவிட்சர்லாந்தின் கீழவை 111-க்கு 72 என்ற வாக்கில் ஓர் அறிக்கையை நிறைவேற்றியது. நாங்கள் ஏற்கெனவே போதுமான அளவு செய்கிறோம், இந்தத் தீர்ப்புக்காகப் புதிதாக எதுவும் செய்யத் தேவையில்லை என்பது அதன் சாரம். மேலவையும் ஒரு வாரம் முன்பே அப்படித்தான் சொல்லியிருந்தது. எங்கள் நாட்டில் மக்களே வாக்களித்து முடிவெடுக்கிறார்கள், வெளியூர் நீதிபதிகள் அதில் தலையிடலாமா என்ற வாதம் பெரிதாக ஒலித்தது. 2021-ல் கார்பன் சட்டத் திருத்தம் ஒன்றை மக்கள் 51.6 சதவீத வாக்கில் நிராகரித்ததும் உண்மை. இரண்டு வருடம் கழித்து 2023-ல் வேறொரு பருவநிலைச் சட்டத்தை 59 சதவீதம் பேர் ஏற்றுக்கொண்டதும் உண்மை.

மக்கள் வாக்கை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த வாதத்தை இந்தப் பெண்களைப் பார்த்துச் சொல்லும்போது ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வர வேண்டும். 1959-ல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தது ஆண்கள் மட்டும். மூன்றில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். 1971-ல்தான் நாட்டளவில் பெண்களுக்கு வாக்கு வந்தது. தீர்ப்பு வந்தபோது 73 வயது இருந்த பெண் அப்போது இருபதை ஒட்டிய பெண். நாட்டளவில் ஒரு முறைகூட வாக்களிக்காத தாய்மாரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தில் ஆண்கள் அதற்குப் பிறகும் விடவில்லை. 1990-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு உத்தரவு போட்ட பிறகே அங்கே மாநில விஷயங்களில் பெண்களுக்கு வாக்கு கிடைத்தது. பெரும்பான்மை வாக்கு அடைத்த கதவை நீதிமன்றம் திறந்ததை இவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று பார்க்க, அந்த 46 நாடுகளும் சேர்ந்த ஐரோப்பிய கவுன்சில் என்ற அமைப்பின் அமைச்சர்கள் குழு இருக்கிறது. நாங்கள் செய்துவிட்டோம் என்று சுவிட்சர்லாந்து அங்கே எழுதிக் கொடுத்தது. 2025 மார்ச்சில் அந்தக் குழு கோப்பை மூட மறுத்து, இன்னும் விவரம் கேட்டது. அரசு அங்கே அறிக்கை அனுப்புவதைப் போலவே சங்கமும் தன் பங்குக்கு எழுதி அனுப்புகிறது: மொத்தக் கணக்கு எங்கே, அளவு எங்கே என்று.

[காட்சி: ரயில் நிலையத்தில் பதாகையைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்கும் பெண்கள்]

2016-ல் தொடங்கிய சங்கம் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உறுப்பினராகச் சேர இன்றும் வயது வரம்பு உண்டு. 64 நிறைந்திருக்க வேண்டும்.