ஏற்காட்டு ஏற்றமும் மோட்டாரின் சூடும்

(சேலத்தில் பொறியியல் மாணவர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

மின்சார வண்டியின் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது மோட்டார் எத்தனை கிலோவாட் என்பதுதான். வடிவமைக்கப் போகிற நீங்கள் அந்த எண்ணிலிருந்து தொடங்கக் கூடாது என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன். நம் ஊர் விசைத்தறி மோட்டார் காலை முதல் மாலை வரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்று என்று ஒரே வேகத்தில், ஏறக்குறைய ஒரே சுமையில் ஓடுகிறது. இத்தனை குதிரைத்திறன் என்று சொல்லிவிட்டால் காயில் கட்டுபவர் மற்றதைப் பார்த்துக்கொள்வார். வண்டி மோட்டாருக்கு அப்படி நிலையான வேலை கிடையாது.

ஏற்காட்டுச் சாலையையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து மேலே சேர்வதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஸ்கூட்டரும் இரண்டு பேருமாக 270 கிலோ, சக்கரத்தின் விட்டம் அரை மீட்டர், ஏற்றம் 6 விழுக்காடு, வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தால், சக்கரத்தில் சுமார் 56 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் (சக்கரத்தைத் திருப்பும் விசை) 1.9 கிலோவாட் திறனும் வேண்டியிருக்கும். வளைவில் முன்னால் ஒரு பேருந்து திரும்புகிறது. நம் வேகம் 10 கிலோமீட்டருக்குக் குறைகிறது. வளைவின் உட்புறத்தில் ஏற்றம் 12 விழுக்காடு என்று கொள்வோம். இப்போது தேவைப்படும் திறன் ஒரு கிலோவாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. முறுக்குவிசையோ 89க்கு ஏறிவிடுகிறது. முறுக்குவிசை கூடினால் மின்னோட்டமும் அதே அளவுக்குக் கூடும். ஆனால் சுருளின் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே மோட்டார் பாதி வேலை செய்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் அதன் செம்புக் கம்பி இரண்டரை மடங்கு சூட்டைக் கக்குகிறது; மெதுவாகப் போவதால் குளிர்விக்கும் காற்றும் குறைகிறது. கிலோவாட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது.

சக்கரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஹப் மோட்டார் அந்த 89 நியூட்டன் மீட்டரையும் தானே தந்தாக வேண்டும். மோட்டார் தரக்கூடிய முறுக்குவிசை பெரும்பாலும் அதன் சுழலும் பகுதியான ரோட்டாரின் கன அளவைப் பொறுத்தது என்பதால், அதற்குச் செம்பும் இரும்பும் காந்தமும் அதிகம் வேண்டும். மோட்டார் 8 சுற்று சுற்றினால் சக்கரம் 1 சுற்று, அதாவது 8க்கு 1 என்று கியர் வைத்துவிட்டால் மோட்டார் தர வேண்டியது 11 நியூட்டன் மீட்டர்தான். பல் கடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் இழப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு. அது கொடுக்கத்தக்க விலை. சமவெளியில் ஓட ஹப் மோட்டாரே போதும், பழுதாகக்கூடிய பாகமும் குறைவு. ஆனால் இருவராக மலையேறும் வண்டிக்கு நான் கியரைத்தான் சொல்வேன்.

அப்படியானால் 20க்கு 1 என்று வைத்தால் என்ன? 8க்கு 1 என்றாலே மணிக்கு 80 கிலோமீட்டரில் மோட்டார் நிமிடத்துக்கு 6800 சுற்றுகள் வரை ஓடும். சுற்று கூடக் கூட மோட்டாரின் இரும்புத் தகட்டுக்குள்ளேயே தூண்டப்பட்டுச் சூடாக வீணாகும் சுழல் மின்னோட்ட இழப்பு பெருகும். அதனால்தான் வண்டி மோட்டார்களில் 0.35 மில்லிமீட்டருக்கும் மெல்லிய தகடுகளை அடுக்குகிறார்கள். பேரிங் தேய்மானம் ஒரு பக்கம். கியரின் இரைச்சல் இன்னொரு பக்கம்: பெட்ரோல் எஞ்சினின் சத்தத்தில் அமுங்கிப்போன கியர் சத்தம் இங்கே தனியே காதில் விழும். அதற்காகவே பற்களைச் சாய்வாக வெட்டி, பிறகு நுண்ணிதாக அரைத்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு கியர் வைக்கலாமே என்ற கேள்வி எப்போதும் வரும். டெஸ்லா தன் முதல் ரோட்ஸ்டர் காருக்கு இரண்டு கியர் திட்டமிட்டுப் பின்னர் ஒற்றைக் கியருக்கே திரும்பியது. 2019இல் வந்த போர்ஷே டைகான் பின்அச்சில் இரண்டு கியர் கொண்டது, அது பந்தய வேகத்தைக் கருதிச் செய்தது. நம் ஸ்கூட்டருக்கு வேண்டாம். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் காந்தப்புலத்தைக் கட்டுப்பாட்டுக் கருவியே தளர்த்தி, முறுக்குவிசையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவதால், இரண்டாம் கியர் செய்யக்கூடிய வேலையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

சூடு காந்தத்தையும் பாதிக்கும். வண்டி மோட்டார்களில் பெரும்பாலும் வைக்கும் நியோடிமியக் காந்தம் சூட்டில் வலுவிழக்கும். அதைத் தாங்க டிஸ்ப்ரோசியம் போன்ற அரிய மண் தனிமம் சேர்க்கிறார்கள், அதன் ஏற்றுமதிக்குச் சீனா 2025 ஏப்ரலில் கட்டுப்பாடு விதித்தது. காந்தமே இல்லாத இண்டக்‌ஷன் மோட்டாரின் ரோட்டாரில் இருப்பது அலுமினியம் அல்லது செம்புக் கம்பிகள்தான். (இதே சேர்வராயன் மலையில் வெட்டிய அலுமினியத் தாதுவான பாக்சைட்தான் ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.) இண்டக்‌ஷன் மோட்டார் சற்றுப் பெரிதாக இருக்கும், செயல்திறனும் ஓரளவு குறையும், சரக்கு வண்டிக்கு அந்தக் குறை பெரிதல்ல.

இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிறது. மேலே சேர்த்துவைத்த ஆற்றல் நம் 270 கிலோ வண்டிக்கு ஏறத்தாழ முக்கால் யூனிட். காற்றுக்கும் டயருக்கும் மோட்டாருக்கும் போக, கால் யூனிட் பேட்டரிக்குத் திரும்பலாம். ஆனால் ஏற்காட்டில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் நிறைந்த பேட்டரியோடு இறங்குபவருக்கு அந்தக் கால் யூனிட்டை வைக்க இடமில்லை. கட்டுப்பாட்டுக் கருவி மோட்டார் பிரேக்கை விலக்கிவிடும், 20 வளைவுகளும் சாதாரண பிரேக்கின் தலையில் விழும். மேலே குடியிருப்பவர் 3 யூனிட் பேட்டரியை 90 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டால் போதும். வடிவமைப்பவரோ, மோட்டார் பிரேக் கொஞ்சமும் உதவாது என்று வைத்துக்கொண்டே பிரேக் டிஸ்க்கின் அளவைக் கணக்கிட வேண்டும்.