கண்ணகியின் வழக்குரைக்குப் புள்ளியிடுவது எப்படி?

(காட்சி: கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பாடசாலை மண்டபம். மேடையில் மாணவி, கீழே இரு ஆசிரியர்கள்.)

வணக்கம். நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவரின் தனிநடிப்பை மதிப்பிடும் ஆசிரியர்களுக்காக, சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியன் முன் பேசும் பகுதியை எடுத்துக்கொள்வோம்.

நீ யார் என்று அரசன் கேட்கிறான். அவளோ, ஆராயாத மன்னனே என்று விளியிலேயே குற்றத்தைச் சாட்டி, புறாவின் துயர் தீர்த்த சோழனையும் பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும் நினைவூட்டி, அவர்களின் புகாரே தன் ஊரென்று கூறி, சிலம்பு விற்க வந்து உன்னிடம் கொலையுண்ட கோவலனின் மனைவி என்பதுவரை நீட்டி, இறுதியில்தான் தன் பெயரைச் சொல்கிறாள். அந்தப் பெயர்வரை பொருள் சிதறாமல் மாணவி பேச்சைச் சுமந்து செல்கிறாளா என்பதற்கே அதிக புள்ளி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் அடியிலேயே உச்சத்துக்குப் போய்விட்ட குரலுக்குப் பெயரிடத்தில் ஏறுவதற்கு இடமே இருப்பதில்லை.

கண்ணீர் வேண்டாமா? வேண்டும், நீர் வடியும் கண்ணோடு வந்தவளே என்று அரசனே அவளை அழைக்கிறான். ஆனால் அவள் வாயில் வருவது ஒப்பாரி அல்ல, வழக்கு. சோழர் இருவரின் கதைகளும் அரசன்மீது வைக்கப்படும் சான்றுகள் என்பதால், அவற்றைச் சபையோருக்குக் கதைபோல் ஒப்புவிப்பவருக்கு முழுப் புள்ளி தரலாகாது.

(திரையில்: 'வாயிற் கடைமணி நடுநா நடுங்க / ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுட')

இங்கே முதற் 'கடைமணி' அரண்மனை வாயிலின் மணி. இரண்டாவது பசுவின் கடைக்கண்மணி. இரண்டையும் ஒரே தொனியில் சொல்பவர் அடிகளை மனனம் செய்திருக்கிறார், பொருளை இன்னும் தொடவில்லை.

கொழும்பு வகுப்பறையில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் எனப் பல ஊர்களின் பேச்சோசை கலந்திருக்கும். அந்த ஓசைக்காகப் புள்ளி குறைப்பது அநீதி. ஆவின் கண்மணியை 'கண்மனி' என்று உச்சரிப்பது மட்டுமே பிழை.

கரையோர ரயில் மண்டபத்தைக் கடக்கும்போது, பார்வையை அரசனைவிட்டு அகற்றாமல் காத்திருந்து தொடரும் மாணவியை மறதிக்காரியாகக் கணிக்காதீர்கள். அந்த மௌனத்திலும் அவள் கண்ணகியாகவே நிற்கிறாள் என்றால், எண்ணை இடுவதற்கு முன் அதைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.