தரையில சாக்பீஸ், திரைக்குப் பின்னாடி கேப்டன்

வணக்கம் மக்களே! இன்னைக்கு ஒரு கிளாஸ்ரூம் பத்திப் பேசலாம். 1942, லிவர்பூல், டெர்பி ஹவுஸ். அட்லாண்டிக்ல ஜெர்மன் யூ-போட்டுங்க, அதாவது நீர்மூழ்கிக் கப்பலுங்க, பிரிட்டனோட சரக்குக் கப்பல்களை வரிசையா மூழ்கடிச்சிட்டு இருந்த நேரம். டிபி வந்ததால நேவியை விட்டுப் போன கில்பர்ட் ராபர்ட்ஸைத் திரும்பக் கூப்பிட்டு, எஸ்கார்ட் கப்பல், அதாவது சரக்குக் கப்பலுக்குக் காவலாப் போற கப்பல், ஆபீசர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்றாங்க. அவர் பாடம் நடத்தினது ஒரு விளையாட்டா.

தரை முழுக்கக் கட்டம் போட்டாச்சு, அதுதான் கடல். குட்டிக் குட்டி மரக் கப்பல். அதை நகர்த்துறது ரென்ஸ், அதாவது நேவியோட பெண்கள் பிரிவு. நிறைய பேர் சின்னப் பொண்ணுங்க, கடலுக்கே போனதில்ல.

இப்பதான் விஷயமே இருக்கு. விளையாடுற ஆபீசர் தரையைச் சுத்திக் கட்டின திரைக்குப் பின்னாடி நிக்கணும். அதுல சின்னதா ஒரு ஓட்டை. ராத்திரி நடுக்கடல்ல ஒரு கேப்டனுக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் அது வழியா தெரியும். யூ-போட் போற தடத்தைப் பச்சை சாக்பீஸ்ல போடுவாங்க, அங்கேர்ந்து பார்த்தா கண்ணுல படாது. ரெண்டு நிமிஷத்துல முடிவு சொல்லியாகணும்.

இப்படி ஆடி ஆடித்தான் ராபர்ட்ஸ் டீம் பிடிச்சாங்க: யூ-போட் வெளியில நின்னு சுடல, ராத்திரி பின்பக்கமா கான்வாய்க்குள்ளயே, அதாவது கூட்டமாப் போற கப்பலுங்களுக்கு நடுவுலயே, நுழைஞ்சிடுது! அடிச்சதும் முங்கிக்கும், கப்பலுங்க மேல தாண்டிப் போயிடும். அப்போ தேட வேண்டிய இடம் கான்வாய்க்குப் பின்னாடி. அந்தத் தேடலுக்கு 'ராஸ்பெரி'ன்னு பேர் வெச்சாங்க.

அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன், முதல் உலகப்போர்ல நீர்மூழ்கி ஓட்டிப் பேர் வாங்கினவர், ஒருநாள் யூ-போட் பக்கம் ஆடினார். தோத்தார். மறுபடி தோத்தார். 'என் தடம் அவங்களுக்குத் தெரியுது'ன்னு சந்தேகமே வந்துடுச்சாம். எதிர்ல ஆடினது ஜேனட் ஓகெல்ங்கிற இளம் ரென்.

இப்போ நம்ம காலேஜ் சிமுலேஷனைப் பாருங்க. புரொஜெக்டர்ல மொத்த மேப்பையும் காட்டிட்டு 'முடிவெடுங்க'ன்னா, பசங்க எதை எடுப்பாங்க? எல்லாம் தெரிஞ்சப்புறம் முடிவெடுக்கிறது வெறும் கணக்கு சார். டீச்சர் யாராவது பாக்குறீங்கன்னா, முதல்ல ஒரு பழைய போர்வை வாங்கிக் கட்டுங்க. சாஃப்ட்வேர் அப்புறம் பாத்துக்கலாம்.