சர்க்கரை மருந்தை நிறுத்தச் சொல்லும் அந்த வாட்ஸ்ஆப் வீடியோ

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எந்தக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவிலும் இப்படி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும்: பாகற்காய்ச் சாற்றில் வெந்தயம் கலந்து குடித்தால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும், அப்புறம் மாத்திரையும் வேண்டாம், இன்சுலினும் வேண்டாம்.

பாகற்காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆபத்து அந்த "வேண்டாம்" என்ற இடத்தில்தான் இருக்கிறது. டைப் 1, அதாவது உடலில் இன்சுலினே கிட்டத்தட்ட சுரக்காத வகை நோயாளி, இன்சுலினை விட்டால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். டைப் 2, அதாவது பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் வகை என்றால் பல நேரம் ஒன்றுமே தெரியாது, நன்றாக இருப்பதாகவே தோன்றும், ஆனால் கண், சிறுநீரகம், கால் நரம்பு எல்லாம் மெல்லக் கெட்டுக்கொண்டு வரும். அதனால் "நான் குடித்தேன், குணமாகிவிட்டது" என்று ஒருவர் மனதாரச் சொன்னாலும் அதை ஆதாரமாக எடுக்க முடியாது.

[திரையில்: டர்பன், ஜூலை 2000]

தென்னாப்பிரிக்கா இதை ஒருமுறை பெரிய அளவில் பட்டுவிட்டது. எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று அப்போதைய அதிபர் தாபோ எம்பெக்கியே சந்தேகம் கிளப்பினார். டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு கூடிய நேரத்தில் 5,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டு அதை மறுத்தார்கள். அப்படியும் அவருடைய சுகாதார அமைச்சர் எய்ட்ஸுக்குப் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் என்றே பேசிவந்தார். எச்.ஐ.வி. மருந்தை அரசு கொடுக்கத் தாமதித்ததால் 2000 முதல் 2005 வரை 3,30,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

சரி, வீடியோ வந்தால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்கிறதா? சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். பிரபல டாக்டரின் முகமும் குரலும் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், ஏஐ வைத்து இரண்டையும் போலியாகச் செய்கிறார்கள். சந்தேகம் இருந்தால் 2012 முதல் இயங்கும் ஆஃப்ரிக்கா செக் தளத்தில் தேடுங்கள், இப்படிப்பட்ட செய்திகளை அவர்கள் சரிபார்த்துப் போடுகிறார்கள்.

அனுப்பியது பெரியம்மா என்றால்? குழுவில் எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள், மனம் நோகும், அடுத்த வீடியோவை உங்களுக்குத் தெரியாமல் பார்ப்பார். தனியாக போன் போட்டு, "பெரியம்மா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். நிறுத்திவிட்டேன் என்றால் வாதாட வேண்டாம், அன்றைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.