பொண்டி மைதானமும் எங்கள் பிள்ளைகளும்

(பாரிஸ் புறநகர்த் தமிழ்ப் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. இரண்டு முறை சொன்னதை ஒரு முறையாக்கி எழுதியிருக்கிறேன்.)

வணக்கம். பெற்றோருக்கும், பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும்.

அழைப்பிதழில் எனக்குப் போட்டிருக்கும் தலைப்பு ‘எங்களிலிருந்து ஓர் எம்பாப்பே எப்போது?’ தலைப்பு வைத்தவர் முன்வரிசையில் இருக்கிறார், அதனால் மெதுவாகச் சொல்கிறேன்: எப்போது என்று எனக்குத் தெரியாது. பிரான்சின் உதைபந்தாட்ட நட்சத்திரம் எம்பாப்பே எங்கிருந்து வந்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். உங்களில் பலருக்கு அந்த இடம் ட்ராமில் போய்வரும் தூரம்தான். ஆனால் அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கடைசியில் உங்களைப் பற்றித்தான் கதைக்க வேண்டிவரும். கோபிக்கக் கூடாது.

பொண்டி. பாரிஸ் புறநகரில் 93ஆம் மாவட்டம். ஒரு கால்வாய், அடுக்குமாடிகள், நெடுஞ்சாலை, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சனம். அங்கே லியோ லக்ராஞ்ச் என்று ஒரு மைதானம் இருக்கிறது. எம்பாப்பே குடும்பம் அந்த மைதானத்துக்கு எதிரே ஒரு மாடி வீட்டில் இருந்தது. தகப்பன் வில்பிரெட் அங்கே ஏ.எஸ். பொண்டி கழகத்தில் நீண்ட காலம் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். தாய் பயசா லமாரி ஹேண்ட்போல் வீராங்கனை. ஆக, பையன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து மைதானத்தில்தான் கிடந்தான். இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்கு ஆடும் வில்லியம் சலிபாவும் பொண்டியில் பிறந்தவர்தான், சிறுவயதில் இதே வில்பிரெட்டிடம் பழகியவர். ஜொனதன் இக்கோனேயும் அந்தக் கழகத்துப் பையன். மூன்று பேரும் பிரான்ஸ் தேசிய அணிக்கு ஆடினார்கள்.

எம்பாப்பேக்கு ஆறு வயதாக இருந்தபோது நடந்ததை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2005 அக்டோபர் 27. பொண்டிக்குக் கிட்டவுள்ள கிளிசி-சூ-புவாவில் உதைபந்தாட்டம் ஆடிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த பையன்கள், பொலிஸைக் கண்டு ஓடினார்கள். மூன்று பேர் மின்நிலையம் ஒன்றுக்குள் போய் ஒளிந்தார்கள். இருவர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மூன்று வாரம் புறநகர் எரிந்தது, அரசு அவசரகாலச் சட்டம் போட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு வேறு எந்த நாடு ஞாபகம் வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் தொலைக்காட்சியில் 93 என்றால் எரியும் கார். பதின்மூன்று வருடம் கழித்து, 2018இல் உலகக் கிண்ணம் வென்ற 23 பேரில் எட்டுப் பேர் பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் வளர்ந்தவர்கள். செய்தி வாசித்தவர்களுக்கு அப்போது புறநகர் நல்ல இடமாகிவிட்டது. சரி, அதை விடுங்கள்.

எட்டுப் பேர் எப்படி வந்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் கிளேர்பொன்தென் என்று சொல்வார்கள். தேசிய சம்மேளனத்தின் அகாடமி, பாரிஸுக்குத் தென்மேற்கே காட்டுக்குள் இருக்கிறது, 1988இல் திறந்தது. பாரிஸ் பிராந்தியத்துப் பையன்களில் வருடத்துக்கு இருபத்திச் சொச்சம் பேரைத் தேர்ந்தெடுத்து, 13 வயதிலிருந்து இரண்டு வருடம் தங்கவைத்துப் பழக்குவார்கள். தியரி ஹென்றி, அனெல்கா, மத்துயிடி எல்லோரும் அங்கே இருந்தவர்கள். எம்பாப்பே 2011இல் போனார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கிளேர்பொன்தென் பையன்கள் திங்கள் முதல் வெள்ளி வரைதான் அங்கே தங்குவார்கள். சனி ஞாயிறு வீட்டுக்கு வந்து தங்கள் சொந்தக் கழகத்துக்கே ஆடுவார்கள். எம்பாப்பேயும் 2013 வரை பொண்டி கழகத்துப் பிள்ளைதான். நாட்டின் மிகப் பெரிய அகாடமி, ஆட்டத்துக்குப் பையனை ஊர்க் கழகத்திடம் திருப்பி அனுப்புகிறது. அவனை ஆறு, ஏழு வயதில் பிடித்துப் பந்தைக் காலில் வைத்துப் பழக்கியதும் ஊர்க் கழகம்தான். நாங்கள் அகாடமி அகாடமி என்று தேடுகிறோம். அகாடமியே கழகத்தைத் தேடித்தான் வருகிறது.

அகாடமி எடுக்காத பிள்ளையின் கதை என்ன? என்கோலோ கான்டே, பாரிஸுக்கு மேற்கே சுரென் என்ற ஊரின் கழகத்தில் சிறுவயதில் சேர்ந்தார். ஆள் கட்டை. பெரிய கழகங்கள் பார்த்தன, போயின. கிட்டத்தட்ட 19 வயது வரை அதே ஊர்க் கழகத்தில் ஆடினார். ரியாத் மஹ்ரேஸ் சார்செல் பையன். மெலிந்த உடம்பு. அவரும் 18 வயதுவரை ஊர்க் கழகத்தில் இருந்துவிட்டு, பிரெத்தாஞ் பக்கம் கெம்பேர் என்ற ஒரு சின்ன அணிக்குப் போனார். இரண்டு பேரும் 2016இல் லெஸ்டர் அணியில் ஒன்றாக இங்கிலாந்துச் சாம்பியன் ஆனார்கள். இங்கே கைதட்ட வேண்டியது சுரெனுக்கும் சார்செலுக்கும். ‘இவன் தேறமாட்டான்’ என்று 14 வயதில் அனுப்பிவிடாமல், அடுத்த வருடமும் ஒரு சேர்ட்டைக் கொடுத்து ஆட விட்டார்களே, அதற்கு. அந்த இருவரோடு அதே கழகங்களில் ஆடிய மற்றப் பிள்ளைகள் இன்று பஸ் ஓட்டுகிறார்கள், கணக்காளராக இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே சேர்ட், அதே மழை.

காசுக் கதையும் சொல்ல வேண்டும், எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்கும். ஃபிஃபாவில் ஒரு விதி இருக்கிறது. ஒப்பந்தம் முடியும் முன் ஒரு வீரர் வேறு நாட்டுக் கழகத்துக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 வீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பங்கிடப்படும். 12 முதல் 15 வயது வரை வருடத்துக்குக் கால் வீதம், அதற்குப் பிறகு வருடத்துக்கு அரை வீதம். எம்பாப்பே மொனாக்கோ கழகத்திலிருந்து பாரிஸ் சென்-ஜெர்மன் கழகத்துக்கு மாறியபோது பேசப்பட்ட தொகை 180 மில்லியன் யூரோ. கால் வீதம் என்றால் ஒரு பருவத்துக்கு நாலரை இலட்சம் யூரோ. ஒரு ஊர்க் கழகத்துக்கு அது எவ்வளவு பெரிய காசு! ஆனால் மொனாக்கோ தனி நாடாக இருந்தாலும் அதன் கழகம் பிரெஞ்சு சம்மேளனத்தில் பதிவானது. ஆகவே அது உள்நாட்டு மாற்றம், இந்த விதிப்படி பொண்டிக்கு ஒன்றும் இல்லை. 2024இல் ரியல் மட்ரிட்டுக்குப் போனார், அது வெளிநாடு. ஆனால் ஒப்பந்தம் முடிந்து போனதால் மாற்றுத் தொகையே இல்லை, பங்கும் இல்லை. உலகத்தில் இவ்வளவு விலை பேசப்பட்ட ஒருவரை வளர்த்த கழகத்துக்கு இரண்டு முறையும் இந்த விதி கைகொடுக்கவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் ஆத்திரம் உண்டு, மறைக்கவில்லை.

அப்படியானால் ஊர்க் கழகம் எதில் ஓடுகிறது? மைதானம் பெரும்பாலும் மேரியுடையது, அதாவது நகரசபையுடையது. மானியமும் அங்கிருந்து கொஞ்சம் வரும். பெற்றோர் கட்டும் லைசன்ஸ் காசு, அதாவது பிள்ளையை வீரராகப் பதியும் கட்டணம், வரும். மிச்சம் ஆட்களின் நேரம். புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை என்பதால் அப்போது பயிற்சி. சனிக்கிழமை சின்னவர்களுக்கு ஆட்டம்: எட்டு ஒன்பது வயதில் ஐந்து பேர் அணி, 13 வயது வரை எட்டுப் பேர் அணி, அதற்குப் பிறகுதான் பதினொருவர். மிகச் சின்ன வயதில் புள்ளி அட்டவணையே கிடையாது, யார் முதலிடம் என்று யாரும் எழுதுவதில்லை. வேலிக்கு வெளியே நின்று ‘அடி, அடி, ஏன் பாஸ் குடுக்கிறாய்’ என்று தமிழில் கத்தும் அப்பாக்களுக்கு இதை அறியத் தருகிறேன். அந்த வயதில் பாஸ் கொடுக்கத்தான் பழக்குகிறார்கள்.

வெளியூர் ஆட்டம் என்றால் நாலு கார் வேண்டும். கொடி பிடித்துக் கோட்டில் நிற்க ஒருவர், சேர்ட்டுகளைத் தோய்த்துக் கொண்டுவர ஒருவர் வேண்டும். இதையெல்லாம் செய்பவர் சம்பளத்துக்கு வருகிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் அவரும் ஒரு பிள்ளையின் தகப்பனோ தாயோதான். மாலியிலிருந்து வந்தவர், அல்ஜீரியாவிலிருந்து வந்தவர், போர்த்துக்கல்லிலிருந்து வந்தவர். தமிழர் அதில் குறைவு.

ஏன் குறைவு? எங்களுக்கு உதைபந்தாட்டம் தெரியாதா? யாழ்ப்பாணத்தில் குருநகரில் பாடும்மீன், நாவாந்துறையில் சென்மேரிஸ், இளவாலையில் புனித ஹென்றியரசர் கல்லூரி. இந்தப் பெயர்களைச் சொன்னவுடனேயே இந்த மண்டபத்தில் நாலு பேர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். கழகம் நடத்துவதும் எங்களுக்குப் புதிதில்லை. புல் வெட்டி, கம்பம் நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, வீடு வீடாகக் காசு சேர்த்து நடத்திய ஆட்கள்தானே? இங்கேயும் கோடை வந்தால் ஊர்ப் பெயரில் அணி கட்டி, வெற்றிக் கிண்ணம் வைத்து, கொத்துரொட்டிக் கடை போட்டு ஆடுகிறோம். நல்லது. பிறந்த ஊர்க் கழகத்துக்கு வருடா வருடம் இங்கிருந்து காசும் போகிறது. நல்லது. ஆனால் உங்கள் மகன் இந்த ஊரில் ஆறு வருடமாக ஆடும் கழகத்தின் தலைவர் பெயர் என்ன? சொல்லுங்கள் பார்ப்போம். (சிரிப்பு.) பின்வரிசைப் பிள்ளைகள் சொல்லக் கூடாது.

இந்தக் கழகங்கள் எல்லாம் 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சங்கங்கள். முதலாளி கிடையாது. வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம். உறுப்பினர்கள் கணக்குக் கேட்கலாம், நிர்வாகக் குழுவைத் தெரிவுசெய்யலாம், தாங்களே நிற்கலாம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காகப் பெற்றோர் வாக்களிக்கக் கழகத்தின் யாப்பு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பல இடங்களில் கொடுக்கும். இந்த நாட்டில் 1939இலிருந்து ஒரு ஆணை இருந்தது. வெளிநாட்டவர் சங்கம் வைக்க அரசின் முன்அனுமதி வேண்டும். 1981 அக்டோபரில்தான் அதை எடுத்தார்கள். இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு நாங்கள் வந்து இறங்கியபோது கதவு திறந்தே இருந்தது. உங்களில் இன்னும் பிரெஞ்சு குடியுரிமையோ வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடியுரிமையோ எடுக்காதவர்கள் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. ஆனால் அதே நகரசபையிடம் போய் ‘பெண் பிள்ளைகளின் அணிக்கு ஏன் இரவு ஒன்பது மணிக்கு மைதானம் தருகிறீர்கள்’ என்று கேட்கும் கழகத்தில் கையுயர்த்தலாம். அந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால் ஒன்பது மணியே நிரந்தரமாகிவிடும்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். ‘சனிக்கிழமை குசினியில் வேலை, எப்படி வாறது?’ உண்மை. உணவகத்தில் நிற்பவருக்கு வாரக் கடைசிதான் வேலை நாள். அதற்கு மேல் தமிழ்ப் பள்ளியும் அதே சனிக்கிழமை. பிள்ளை பத்து மணிக்கு ஆத்திசூடியும் பத்தேகாலுக்கு ஆட்டமும் என்றால் இரண்டையும் விட்டுவிடும். தமிழ்ப் பள்ளி நடத்துபவர்கள் இங்கே இருக்கிறார்கள். பருவத்தின் ஆட்ட அட்டவணையை வாங்கிப் பாருங்கள், வெளியூர் ஆட்டம் உள்ள சனிகளில் ஒரு பின்னேர வகுப்பு வையுங்கள். முடியாத காரியமில்லை. வேலைக்குப் போகும் அப்பா பொதுக்கூட்டத்துக்கு வரலாம், அது பெரும்பாலும் வார நாள் மாலையில்தான் நடக்கும். புதன்கிழமை ஓய்வுள்ளவர்கள் பயிற்சிக்கு நிற்கலாம். மொழி பிரச்சினை என்றால் பிள்ளை மொழிபெயர்க்கும், மேரியிலும் மருத்துவரிடமும் அதுதானே செய்கிறது.

இன்னொரு விஷயம், சுருக்கமாக. ‘உங்கள் மகனுக்குத் திறமை இருக்கிறது, பெரிய கழகத்தில் சோதனைக்கு ஏற்பாடு செய்கிறேன், முதலில் இவ்வளவு காசு’ என்று ஒருவர் வந்தால், வாசலில் வைத்தே அனுப்பிவிடுங்கள். கிளேர்பொன்தென் தேர்வுக்கு யாரும் தரகு கொடுக்கத் தேவையில்லை. திறமை தேடுகிறவர்கள் பாரிஸ் புறநகர் மைதானங்களில் சனி ஞாயிறு தாங்களாகவே வந்து நிற்கிறார்கள். பிள்ளை கழகத்தில் ஆடினால் கண்ணில் படும்.

எங்களிலிருந்து யாரும் இல்லையா என்றால், இருக்கிறார். வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன். சிறுவயதில் லிவர்பூல் அகாடமியில் இருந்தவர், பிறகு பார்ன்ஸ்லிக்கு வந்து 2023இல் 17 வயதில் முதல் அணிக்கு இறங்கினார். நல்ல சந்தோசம். அவருடைய படத்தைப் பிள்ளையின் அறையில் ஒட்டுங்கள். ஒட்டிவிட்டுச் சனிக்கிழமை காலையில் காரை எடுங்கள், உங்கள் பிள்ளையோடு பக்கத்து வீட்டு இரண்டு பிள்ளைகளையும் ஏற்றுங்கள்.

நேரமாகிறது. யூனில் பருவம் முடியும், பெரும்பாலான கழகங்களில் பொதுக்கூட்டமும் புதிய லைசன்ஸ் பதிவும் அதை ஒட்டித்தான் வரும். கழக வாசலில் அறிவித்தல் ஒட்டுவார்கள், படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். லைசன்ஸுக்கு முன்பு போல 18 வயதுக்குக் குறைந்த எல்லோருக்கும் மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது, அதில் ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்று வந்தால்தான் மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் விளையாட்டு உதவித்தொகை 2025இலிருந்து 14 வயதுக்குக் குறைந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடையாது, ஆகவே சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் மேரியில் தனியாக உதவி இருக்கிறதா என்று கேளுங்கள். காசைத் தவணையாகக் கட்டவும் பல கழகங்கள் விடும், கேட்டால். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் தேநீர் நேரத்தில் என்னிடம் வாருங்கள், பேனா கொண்டுவந்திருக்கிறேன்.