அசனப் பந்தியில் பக்கத்து இலை

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் சத்தம் அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்புறம் அடுப்படியில் நின்று பேசுகிறேன். இன்று எங்கள் ஊரில் அசனம். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சபையார் அரிசி, ஆடு, பணம் என்று முடிந்ததைக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சமைத்து ஊருக்கே பந்தி வைப்போம். இதோ பாருங்கள், சோற்றை வடித்துப் பாயில் கொட்டியிருக்கிறார்கள். ஆவி பட்டுக் கேமரா மங்கிவிட்டது, ஒரு நிமிஷம்... சரி, துடைத்தாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "உங்கள் வேதத்தில் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்று வருகிறது. திருமூலரும் அன்பே சிவம் என்றுதான் சொல்கிறார். அப்போ அன்புதான் கடவுள் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வருகிற யோவானின் முதல் நிருபம் (நிருபம் என்றால் கடிதம்) 4ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தை அப்படித் திருப்பிப் போட முடியாது. கிரேக்கத்தில் குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டிக்காட்டப் பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சொல் வரும். அந்த வசனத்தில் அது தேவனுக்கு முன்னால் இருக்கிறது, அன்புக்கு முன்னால் இல்லை. தேவன் எப்படிப்பட்டவர் என்றுதான் அது சொல்கிறது. நமக்குள் பொங்குகிற பாசத்தையெல்லாம் தேவன் என்று கும்பிடச் சொல்லவில்லை. (பிள்ளைப் பாசத்தில் ஊரில் எத்தனை அநியாயம் நடக்கிறது, உங்களுக்கே தெரியும்.) இரண்டு வசனம் தள்ளி இன்னும் தெளிவாக வருகிறது: நாம் அவரிடத்தில் அன்புகூர்ந்ததால் அல்ல, அவர் முந்திக்கொண்டு தம்முடைய குமாரனை அனுப்பினதால்தான் அன்பு என்பதே உண்டாயிற்று. தொடக்கம் அவர் பக்கம்.

அங்கே அன்புக்குக் கிரேக்கச் சொல் 'அகாப்பே'. ஆதித் திருச்சபையில் விசுவாசிகள் கூடிச் சாப்பிட்ட விருந்துக்கும் அதே பெயர்தான். யூதா நிருபம் 12ஆம் வசனத்தில் 'அன்பின் விருந்துகள்' என்று நம் வேதாகமத்தில் இருக்கிறதே, அதுதான். அதிலும் தகராறு இல்லாமல் இல்லை. கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அந்தச் சபைக்கு நிருபம் எழுதிய பவுல் அவர்களைச் சும்மா விடவில்லை. பந்தியில் முந்துவது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

அப்புறம் யோவானின் அதே 4ஆம் அதிகாரத்தில் 20ஆம் வசனம். கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று கேட்கிறார் யோவான். களக்காடு பக்கம் தோனாவூர் இருக்கிறதல்லவா, அது ஐரோப்பாவில் இருந்த தோனா பிரபுவின் பெயர். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் இங்கே நடந்த ஊழியத்துக்கு அவர் பணம் கொடுத்து உதவினார். எங்கோ இருந்துகொண்டு நம் ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறார், பெரிய மனசுதான். ஆனால் என் கஷ்டமே வேறு. நான் தினமும் காண்கிற ஆள் என் சித்தப்பா.

வேலியோரத்து முருங்கை மரம் யாருடையது என்பதில் தொடங்கியது. ஆறு வருஷமாக அப்பாவும் அவரும் பேசுவதில்லை, அதனால் நாங்களும் பேசுவதில்லை. இரண்டு வீட்டு வாசலிலும் ஒரே வசன ஸ்டிக்கர்: 'தேவன் அன்பாகவே இருக்கிறார்'. ஆச்சி இருந்தவரை குழம்புக் கிண்ணமாவது அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் போய்வந்தது. இப்போது அதுவும் இல்லை.

இன்றைக்கு முதல் பந்தியில் அவசரமாக உட்கார்ந்துவிட்டேன். இலை போட்ட பிறகுதான் பார்க்கிறேன், பக்கத்து இலை சித்தப்பாவுடையது. எழுந்து போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது, உண்மையைச் சொல்கிறேன். கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே குனிந்து சாப்பிட்டேன். கறிக்குழம்பு வாளி வந்தது. ஊற்றுகிற பையன் எனக்கு ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்ந்தான்.

"ஏல, அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து, எலும்பாப் பாத்துப் போடு" என்றார் சித்தப்பா, என் முகத்தைப் பார்க்காமலே. சின்ன வயசில் எனக்கு எலும்பு பிடிக்கும். அதை மறக்கவில்லை மனுஷன்.

நான் "போதும் சித்தப்பா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அப்பா பந்திக்கு வரவில்லை, தூக்குவாளியில் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். இதோ, வாளி என் கையில். இந்த வரிசையில் ஊற்றிக்கொண்டிருப்பது யார் என்று கேமராவைத் திருப்பினால் உங்களுக்கே தெரியும். இருங்கள், முதலில் வாங்கிவிட்டு வருகிறேன்.