தீப்பிடிக்கும் முன்பே

வணக்கம் நேயர்களே. கட்டடங்களை வடிவமைப்பது என் தொழில். இலட்சிய நகரம், கனவுச் சமுதாயம் என்று யாராவது பேச்செடுத்தால், “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். அமுதசுரபியோடு புகார் நகரச் சிறைக்குள் போய், பசித்துக் கிடந்தவர்களுக்குச் சோறிடுகிறாள். செய்தி சோழ மன்னன் காதுக்குப் போகிறது. அழைத்து, “உனக்கு என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்கிறான். அவள் பொன் கேட்கவில்லை. கைதிகளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள் என்றும் கேட்கவில்லை. அந்தச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கித் தரச் சொல்கிறாள். அவனும் ஆக்கித் தருகிறான். நின்றுகொண்டிருக்கும் ஒரு கட்டடத்துக்குள் வேறொரு வாழ்க்கையைப் பார்த்தாளே, அதைவிடப் பெரிய திறமை என் தொழிலில் கிடையாது.

சிங்கப்பூரும் அப்படிக் கனவு கண்ட ஊர்தான். 1977இல் சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் பண்ணைக் கழிவும் குப்பையுமாக நாறிக் கிடந்தபோது, பத்தே ஆண்டில் அங்கே மீன் பிடிக்க முடிய வேண்டும் என்றார் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ. 1987இல் ஆறுகள் சுத்தமாயின. அதற்காக இடம்பெயர்ந்த பன்றிப் பண்ணைக்காரர்களையும் தெருவோர வியாபாரிகளையும் அந்தக் கதையிலிருந்து விட்டுவிடக் கூடாது.

ஆனால் பெரும்பாலும் அடிபட்ட பிறகுதான் விழித்துக்கொள்கிறோம். 1961இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் தீ பரவி, சுமார் 16,000 பேர் வீடிழந்த பிறகுதான் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகள் மளமளவென்று எழுந்தன. 2020இல் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் கொவிட் பரவியது. புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் தங்கக் கூடாது என்ற விதி அடுத்த ஆண்டுதான் வந்தது. அந்த விதி முன்பே வந்திருக்க வேண்டாமா? அங்கே தங்குபவர்களில் எத்தனையோ பேர் நம் மொழி பேசுகிறவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போய்ப் பாருங்கள். புல்வெளியில், நடைபாதை ஓரத்தில், ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளையின் காய்ச்சல், தங்கையின் கல்யாணச் செலவு, மனைவியிடம் சொல்ல வேண்டிய சமாதானம் எல்லாமே ஊர் கேட்கத்தான் நடக்கிறது. சரி, விடுதியிலேயே பேசலாமே என்றால், அங்கே கட்டிலைச் சுற்றித் துணி கட்டினால்தான் கொஞ்சம் மறைவு.

என் கனவு சின்னது. ஒவ்வொரு விடுதி மாடியிலும் கதவடைத்துப் பேச, சத்தம் வெளியே போகாத சில சிறு அறைகள் வேண்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. வரைபடத்தில் சில சதுர மீட்டர் ஒதுக்கினால் போதும். அப்புறம், அந்த அறை எங்கே இருக்க வேண்டும், இரவு எத்தனை மணிவரை திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கே தங்கியிருப்பவர்களிடம் கேட்டுத்தான் வரைய வேண்டும்.